உச்சியில் வைக்கும் சுமை: கூடித் திட்டமிடக் கற்பிக்கும் ஒரு செயற்பயிற்சி

பாதி எழும்பிய சுவர்களோடும், வானத்தை நோக்கித் துருப்பிடித்து நிற்கும் இரும்புக் கம்பிகளோடும் காட்சியளிக்கும் ஆலயங்கள் நம்மில் பலருக்குப் புதியவை அல்ல. அடிக்கல் நாட்டிய நாளில் அங்கே மகிழ்ச்சி இருந்தது, வரைபடம் இருந்தது, கட்டடக் குழுவும் இருந்தது. ஆயினும், கூரைக்கான பணம் எங்கிருந்து வரும் என்னும் கேள்வியைக் கூரை போடவேண்டிய காலம் வந்த பின்னரே சபை கேட்டது. அதற்குள் ஆயர் மாற்றலாகிப் போனார். திட்டம் அவர் மனத்திலேயே இருந்தபடியால், அதுவும் அவரோடு போயிற்று. எஞ்சியவை கடனும், ஒருவரையொருவர் குறைகூறும் மனக்கசப்புமே.

இத்தகைய தோல்விகளுக்கு விசுவாசக் குறைவையோ, பணக்குறைவையோ, சபைமக்களிடையே உள்ள பிரிவினைகளையோ நாம் காரணமாகக் கூறுகிறோம். அவையும் காரணங்களாய் இருக்கலாம். எனினும், கூடித் திட்டமிடுதல் என்பதை நாம் எங்கும் முறையாகக் கற்றதில்லை என்பதும் உண்மையே. வேத வியாக்கியானமும் திருச்சபை வரலாறும் அருளுரைக் கலையும் நமக்கு வகுப்பறையில் கற்பிக்கப்படுகின்றன. ஒரு குழுவோடு அமர்ந்து ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கும் கலையையோ நாம் சேகரத்திற்குச் சென்ற பின்னர், சபைமக்களின் செலவில் கற்றுக்கொள்கிறோம்.

இக்கலையை விரிவுரையால் மட்டும் கற்பிக்க இயலுமா? நீச்சலைக் கரும்பலகையில் கற்பிக்க முடியாததுபோலவே இதுவும் என்று நாம் கருதுகிறோம். கைகளால் செய்து, தவறி, அத்தவற்றை ஆராய்ந்து, மீண்டும் செய்துபார்க்கும் ஒரு பயிற்சி இதற்கு வேண்டும். அத்தகைய எளிய பயிற்சி ஒன்றை விளக்கி, அது நமக்கு உணர்த்துவது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பயிற்சியின் அமைப்பு

இப்பயிற்சியை உருவாக்கியவர் பீட்டர் ஸ்கில்மன் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர். டாம் வூஜெக் என்பவர் இதனைப் பல பட்டறைகளில் நடத்தி, தாம் கண்டவற்றை 2010ஆம் ஆண்டில் ஓர் உரையில் எடுத்துரைத்தபின் இது உலகெங்கும் பரவிற்று. நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவிற்கும், வேகவைக்காத ஸ்பகெட்டி என்னும் இத்தாலிய மாவுக்குச்சிகள் 20, ஒட்டுநாடா ஒரு கஜம், நூல் ஒரு கஜம், மார்ஷ்மல்லோ என்னும் பஞ்சு போன்ற இனிப்பு ஒன்று ஆகியவை கொடுக்கப்படும். 18 நிமிடங்களில், தானே நிற்கக்கூடிய கோபுரம் ஒன்றை எழுப்பி, அதன் உச்சியில் அந்த இனிப்பை முழுமையாக வைக்கவேண்டும். எக்குழுவின் கோபுரத்தில் இனிப்பு மிக உயரத்தில் நிற்கிறதோ அக்குழுவே வெற்றிபெறும்.

குழுவிற்கு ஒரு வேலையைக் கொடுத்து, அதைச் செய்யும் விதத்தைக் கவனித்தல் புதிதான முறையன்று. இரண்டாம் உலகப்போரின்போது 1942இல் பிரிட்டிஷ் இராணுவம் அமைத்த அதிகாரித் தேர்வுக் குழுக்களில், உளமருத்துவரான வில்ஃபிரட் பியான் தலைவர் நியமிக்கப்படாத குழுக்களுக்கு வேலை கொடுத்து, அவற்றில் யார் எவ்வாறு பிறரோடு இணைந்து செயல்படுகிறார் என்று பார்க்கும் முறையைப் புகுத்தினார். இந்திய இராணுவ அதிகாரிகளைத் தெரிந்தெடுக்கும் தேர்வுகளிலும் பலகை, கயிறு, மரத்துண்டு ஆகியவற்றைக் கொண்டு தடைகளைக் கடக்கும் குழுப்பணிகள் உண்டு என்பதை, அத்தேர்வுகளுக்குச் சென்றுவந்த நம் இளைஞர்கள் அறிவர். ஆனால் அங்கே நோக்கம் ஆட்களைத் தெரிந்தெடுப்பது. இங்கே நோக்கம் பங்குபெறுவோர் தாமே கற்றுக்கொள்வது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. எவரையும் தரம் பிரிப்பதற்கு இப்பயிற்சியைப் பயன்படுத்துதல் தகாது.

2. பட்டறைகளில் கண்டவை

வூஜெக் கூறியவற்றுள் பலரையும் வியக்கச்செய்த செய்தி ஒன்றுண்டு. வணிகவியல் உயர்கல்வி பெற்ற மாணவர்கள் மிகக் குறைந்த உயரமுள்ள கோபுரங்களையே எழுப்பினர். பல வேளைகளில் அவை நிற்கவுமில்லை. மழலையர் பள்ளியை அண்மையில் முடித்த சிறுவர்களோ, பொதுச் சராசரியாகிய ஏறத்தாழ 20 அங்குலத்தையும் விஞ்சினர். கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் யாவரிலும் சிறந்து விளங்கினர். இவை பட்டறை நடத்திய ஒருவர் தம் அனுபவத்திலிருந்து தொகுத்த செய்திகளேயன்றிக் கட்டுப்பாட்டோடு செய்யப்பட்ட ஆய்வின் முடிவுகள் அல்ல. எனினும், இப்பயிற்சியை நடத்திப் பார்க்கும் எவரும் இவற்றின் உட்பொருளைத் தம் கண்களால் காண இயலும்.

கற்றறிந்த பெரியோர் செய்தது யாது? முதலில் யார் தலைமை தாங்குவது என்பதை நேராகவோ மறைமுகமாகவோ முடிவுசெய்தனர். பின்பு பேசினர், படம் வரைந்தனர், அதன்பின் குச்சிகளை இணைத்துக் கோபுரத்தை உயர்த்தினர். காலம் முடியும் தறுவாயில் ஒருவர் அந்த இனிப்பை எடுத்து மெதுவாக உச்சியில் வைத்தார். உடனே கோபுரம் வளைந்து சாய்ந்தது. திருத்துவதற்கோ நேரமில்லை. சிறுவர்களோ இனிப்பையே முதலில் கையிலெடுத்தனர். இரண்டு மூன்று குச்சிகளின்மேல் அதை வைத்துப் பார்த்தனர், விழுந்தது, மாற்றிக் கட்டினர், நின்றது, சற்று உயர்த்தினர். இவ்வாறு 18 நிமிடங்களுக்குள் அவர்கள் பலமுறை தவறவும் பலமுறை திருந்தவும் வாய்ப்புப் பெற்றனர். பெரியோருக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு சோதனை. அதுவும் கடைசி நிமிடத்தில்.

பிறிதொரு முறை, வடிவமைப்புக் கலை மாணவர்களின் பத்துக் குழுக்களுக்கு முன்பாக 10,000 டாலர் மதிப்புள்ள பரிசை வைத்து இப்பயிற்சியை நடத்தினார் வூஜெக். அன்று ஒரு குழுவின் கோபுரமும் நிற்கவில்லை. நான்கு மாதங்கள் கழித்து அதே மாணவர்களுக்கு அதே பயிற்சியை நடத்தியபோது, சிறு அளவில் கட்டிச் சோதித்துப் பார்க்கும் வழக்கத்தை அதற்குள் கற்றிருந்த அவர்கள் மிகச் சிறந்து விளங்கினர். பரிசு பெரிதாய் இருந்ததால் திறமை வந்துவிடவில்லை. கற்றபின்னரே அது வந்தது.

3. கோபுரம் சாய்வதன் காரணம்

இங்கே சற்று இயற்பியலையும் நோக்குதல் நலம். மெல்லிய குச்சி ஒன்றை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அழுத்தினால், அது நசுங்குவதற்கு முன்னரே பக்கவாட்டில் வளைந்துவிடும். ஒரே பருமனுள்ள குச்சியின் நீளத்தை இருமடங்காக்கினால், அது வளையாமல் தாங்கக்கூடிய சுமை நாலில் ஒரு பங்காகக் குறையும். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை வகுத்த விதி இது. ஆகவே உயரத்தை நாடிக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டிக்கொண்டே செல்லும் குழு, தன்னை அறியாமலே தன் கோபுரத்தின் வலிமையைக் குறைத்துக்கொண்டே செல்கிறது. அன்றியும், நான்கு குச்சிகளால் ஆன சதுரம் தள்ளினால் சரிந்துவிடும். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணமோ குச்சி முறிந்தாலன்றி உருமாறாது. இவ்வுண்மைகளைப் புத்தகத்தில் படியாத சிறுவனும் உச்சியில் சுமையை வைத்துப் பார்த்த மாத்திரத்தில் உணர்ந்துகொள்கிறான். சுமையே அவனுக்கு ஆசானாகிறது.

அந்த இனிப்பு பார்வைக்கு அற்பமானது; கையில் வைத்தால் எடையற்றதுபோலத் தோன்றும். ஆதலால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று யாவரும் எண்ணுகின்றனர். நம் பணித்திட்டங்கள் ஒவ்வொன்றிலும் இப்படிப்பட்ட ஒன்று உண்டு. ஞாயிறு பள்ளியைச் சீரமைக்கத் திட்டமிடுகிறோம், பாடநூல் வாங்குகிறோம், வகுப்புகளைப் பிரிக்கிறோம். வாரந்தோறும் காலை ஏழரை மணிக்கு வரக்கூடிய ஆசிரியர் எத்தனை பேர் என்பதைக் கடைசியில் கேட்கிறோம். முதியோருக்கு மருத்துவ முகாம் அறிவிக்கிறோம். முகாமுக்குப்பின் தொடர்ந்து மருந்து வாங்க அவர்களுக்கு வழி உண்டா என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. திட்டம் முழுவதும் எதன்மேல் நிற்கிறதோ அதையே நாம் சோதியாமல் விட்டுவிடுகிறோம்.

4. உட்கார்ந்து கணக்குப் பார்த்தல்

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். கோபுரத்தைக் கட்ட விரும்புகிறவன் அதை முடிக்கத் தன்னிடம் போதிய பொருள் உண்டோ என்று முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைப் பார்ப்பான் என்று நம் ஆண்டவர் கூறினாரே (லூக்கா 14:28-30). அவ்வாறிருக்க, முதலில் செய்துபாருங்கள் என்று கூறும் இப்பயிற்சி அதற்கு முரணன்றோ? அப்பகுதி சீஷத்துவத்தின் விலையைப் பற்றியதேயன்றிக் கட்டடக் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்ட நிர்வாக அறிவுரை அன்று என்பதை நாம் முதற்கண் ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும், அவ்வுவமை அன்றாட வாழ்வின் நல்லறிவை ஆதாரமாகக் கொண்டுள்ளதால், அந்நல்லறிவு யாது என்று நோக்குவது தகும்.

உட்கார்ந்த மனிதன் கேட்ட கேள்வி, முடிக்க இயலுமா என்பதே. அவன் தொடங்குமுன்னரே முடிவை நோக்குகிறான். நம் பயிற்சியில் 10 நிமிடங்கள் படம் வரைந்த குழுவும் உட்கார்ந்தது உண்மையே; ஆனால் அது கணக்குப் பார்க்கவில்லை. சுமை எவ்வளவு, குச்சி எவ்வளவு தாங்கும் என்னும் இரண்டையும் அறியாமல் வரைந்த படம் அது. சிறுவர்கள் இனிப்பைக் குச்சியின்மேல் வைத்துப் பார்த்ததே மெய்யான கணக்கு. ஆகவே, சோதித்துப் பார்த்தல் திட்டமிடுதலுக்குப் பகையன்று. அது திட்டமிடுதலின் ஒரு பகுதியே என்பது நமக்குத் தெளிவாகிறது.

நெகேமியாவின் செயலிலும் இதைக் காணலாம். அவர் மக்களிடம் பேசுமுன் இரவில் சிலரோடு சென்று, இடிந்த அலங்கத்தைத் தம் கண்களால் பார்வையிட்டார் (2:11-16). பின்பு மூன்றாம் அதிகாரத்தில் காணும் நீண்ட பட்டியலில், தட்டாரும் தைலக்காரரும் ஆசாரியரும், தன் குமாரத்திகளோடு கட்டிய சல்லூமும், பலர் தத்தம் வீட்டிற்கு எதிராகவும் வேலை செய்தனர். அலங்கம் பாதி உயரம் எழும்பிய நிலையில் எதிர்ப்பு மூண்டபோது, முதல் திட்டத்தைப் பிடித்துக்கொண்டிராமல் பாதிப்பேர் வேலைசெய்யவும் பாதிப்பேர் ஆயுதம் தாங்கவும் ஒழுங்குசெய்தார் (4:6, 16). 52 நாட்களில் வேலை முடிந்தது (6:15). பார்வையிடுதல், பகிர்ந்தளித்தல், வேலையினூடே திட்டத்தை மாற்றுதல் ஆகிய மூன்றும் அங்கே இணைந்து நிற்கின்றன.

5. குழுவில் கேட்கப்படாத குரல்

திட்டமிடுதலோடு கூட்டுச் செயலைப் பற்றியும் இப்பயிற்சி நமக்கு உணர்த்துவது உண்டு. நாம் நடத்திய ஒரு பயிற்சியில், ஆயர் ஒருவரும், ஆசிரியர் ஒருவரும், கல்லூரி மாணவி ஒருத்தியும், ஆலயப் பணியாளராகிய முதியவர் ஒருவரும் ஒரே குழுவில் இருந்தனர். ஆயர் படம் வரைந்தார்; ஆசிரியர் அதைத் திருத்தினார்; மாணவி ஒட்டுநாடாவைக் கிழித்துக் கொடுத்தாள்; முதியவர் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நிமிடத்தில் கோபுரம் சாய்ந்தது. பின்னாய்வின்போது அம்முதியவரிடம், இது விழும் என்று உங்களுக்குத் தோன்றியதா என்று கேட்டோம். “அடி குறுகலாய் இருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது, ஐயா. ஆயர் ஐயா வரையும்போது நாம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன்” என்றார். அவர் வாலிபத்தில் பல ஆண்டுகள் பந்தல் கட்டும் வேலை செய்தவர். கோபுரத்தைப் பற்றி அக்குழுவில் அனுபவத்தால் அறிந்தவர் அவர் ஒருவரே, கேட்கப்படாதவரும் அவரே.

ஆயர் சில நொடிகள் பேசவில்லை. பின்பு, “என் சேகரக் குழுவிலும் இப்படித்தான் நடக்கிறதோ?” என்று மெல்லக் கேட்டார். அக்கேள்விக்கு அங்கிருந்தவர் எவரும் விடை கூறவில்லை; கூறத் தேவையுமில்லை. சரீரத்தில் பலவீனமாகத் தோன்றும் அவயவங்கள் அவசியமானவை என்று பவுல் எழுதியதை (1 கொரிந்தியர் 12:22) நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். குச்சிகள் சிதறிக் கிடந்த அந்த மேசையின்மேல் அது நமக்கே பிரசங்கிக்கப்பட்டது.

இதனோடு ஒத்த செய்தி ஒன்று வூஜெக்கின் உரையிலும் உண்டு. நிறுவனத் தலைவர்கள் மட்டுமே அடங்கிய குழுக்கள் சராசரிக்குச் சற்று மேலாகவே செய்தன. அவர்களோடு செயலாளர் ஒருவர் சேர்ந்தபோதோ அக்குழுக்கள் தெளிவாக முன்னேறின. வேலையின் ஒழுங்கைக் கவனித்து, நேரத்தை நினைவூட்டி, பேசாதவரைப் பேசவைக்கும் ஒருவர் இருப்பது, பெரிய தலைவர் இன்னொருவர் இருப்பதைவிடப் பயனுள்ளது என்பது இதனால் விளங்கும்.

குழுவின் அளவும் முக்கியமானது. ரிங்கெல்மன் என்னும் பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் 1913இல் வெளியிட்ட ஆய்வில், பலர் சேர்ந்து இழுக்கும்போது, ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் செலுத்தும் வலிமை குறைவதைக் காட்டினார். எட்டுப்பேர் சேர்ந்தபோது ஒவ்வொருவரும் தனித்து இழுத்த வலிமையில் ஏறத்தாழப் பாதியையே செலுத்தினர். இருபதுபேர் கொண்ட குழுவை நியமித்துவிட்டு, இருவரே வேலைசெய்கிறார்கள் என்று வருந்தும் நாம் இதைச் சிந்தித்தல் வேண்டும்.

6. பின்னாய்வே பாடம்

விளையாட்டு முடிந்தவுடன் பரிசளித்து, கைதட்டிக் கலைந்துவிட்டால் இப்பயிற்சியால் விளையும் பயன் சிறிதே. 1946ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள நியூ பிரிட்டன் என்னும் ஊரில், குர்ட் லெவின் என்னும் உளவியலறிஞர் சமுதாயத் தலைவர்களுக்கான ஒரு பட்டறையை நடத்தினார். பகலில் குழுக்கள் கலந்துரையாடும். மாலையில் ஆய்வாளர்கள் தாங்கள் கண்டவற்றைத் தங்களுக்குள் பேசுவர். பங்கேற்றோர் சிலர் ஒரு மாலையில் தாங்களும் அமர்ந்து கேட்க விரும்பினர். தங்கள் நடத்தையைப் பற்றிய விவரத்தைக் கேட்டபோது அவர்கள் வியந்தனர், சிலவற்றை மறுத்தனர், அதனால் ஆழ்ந்த உரையாடல் எழுந்தது. பகற்பொழுதில் கற்றதினும் அம்மாலைகளில் கற்றது அதிகம் என்று யாவரும் கண்டனர். 1947இல் லெவின் மறைந்தபின், அதே ஆண்டில் மெய்ன் மாநிலத்தின் பெத்தல் நகரில் தொடங்கிய குழுப்பயிற்சிக் கூடம் இக்கண்டுபிடிப்பின் கனியே. டேவிட் கோல்ப் என்னும் கல்வியாளர் 1984இல் வெளியிட்ட நூலில், அனுபவம், அதை நினைந்து நோக்குதல், அதிலிருந்து கருத்தைப் பெறுதல், அக்கருத்தை மீண்டும் செயலில் சோதித்தல் என்னும் நான்கு படிகளாக அனுபவவழிக் கல்வியை விளக்கினார். நம் முகாம்களில் பெரும்பாலும் முதற்படியோடு நின்றுவிடுகிறோம்.

7. நம் சூழலில் நடத்தும் முறை

ஸ்பகெட்டியும் மார்ஷ்மல்லோவும் நம் கிராமங்களில் கிடைத்தற்கரியவை. துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சிகள் 20, நூல் ஒரு கஜம், ஒட்டுநாடா ஒரு கஜம், சிறிய எலுமிச்சம்பழம் ஒன்று ஆகியவை போதும். ஈர்க்கு ஸ்பகெட்டியைப்போல் எளிதில் முறியாது. ஆனால் அதைவிட எளிதில் வளையும். பழமோ அந்த இனிப்பைவிடக் கனமானது. ஆகவே நடத்துபவர் முன்னதாகவே தாம் ஒருமுறை கட்டிப் பார்த்துப் பழத்தின் அளவைத் தெரிந்துகொள்வது நலம். எல்லாக் குழுக்களுக்கும் ஒத்த அளவுள்ள பழங்களைக் கொடுக்கவேண்டும்.

குழுவிற்கு நால்வர். வயதும் கல்வியும் பொறுப்பும் வேறுபட்டோரை ஒன்றாகச் சேர்க்கவேண்டும். ஆயரும் அதில் ஓர் உறுப்பினரே. விதிகளை இருமுறை தெளிவாகக் கூறிவிட்டு, நடத்துபவர் மௌனமாய் இருக்கவேண்டும். யார் முதலில் பேசினார், யார் பேசவில்லை, பழத்தை எந்த நிமிடத்தில் முதன்முதலாகக் கையிலெடுத்தனர் என்பவற்றைக் குறித்துக்கொள்ள ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு பார்வையாளரை நியமிக்கலாம். 18 நிமிடங்கள் முடிந்தபின் குறைந்தது 40 நிமிடங்களைப் பின்னாய்வுக்கு ஒதுக்கவேண்டும். பின்வரும் கேள்விகள் உதவும்:

அ. உச்சிச் சுமையை நாம் முதன்முதலில் சோதித்தது எப்போது? ஏன் அப்போது?

ஆ. சொல்ல நினைத்தும் சொல்லாமல் விட்டது யாது? சொல்லத் தடையாய் இருந்தது யாது?

இ. முதல் திட்டம் தவறென்று அறிந்தபோது அதைக் கைவிட்டோமா, காத்துக்கொண்டோமா?

ஈ. இப்போது நம் சபையில் நடைபெறும் பணி ஒன்றில், கடைசிக்கென்று தள்ளிவைத்துள்ள சுமை எது?

இறுதிக் கேள்வியே இப்பயிற்சியின் இலக்கு. அதற்குப் பின்னர் இரண்டாம் முறை கட்ட வாய்ப்பளித்தல் மிகவும் விரும்பத்தக்கது. முதன்முறை தோற்றவர்கள் தங்கள் தோல்வியையே முதலாக வைத்து எழும்புவதைக் காண்பது நமக்கும் அவர்களுக்கும் ஆறுதலளிக்கும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. ஈர்க்குக் கோபுரம் விழுந்தால் எவருக்கும் இழப்பில்லை. சபையின் பணி விழுந்தால் மனிதர் காயப்படுகின்றனர். ஆகவே எதையும் செய்துபார்த்து விடலாம் என்னும் துணிச்சலுக்கு இப்பயிற்சியைச் சான்றாகக் காட்டுதல் கூடாது. சிறிதாய்த் தொடங்கிச் சோதித்தல் என்பதே, பெரிதாய் விழுந்து பிறரைக் காயப்படுத்தாமல் இருப்பதற்கான வழி.

அடுத்த முறை நம் சேகரத்தில் ஒரு பணிக்கு அடிக்கல் நாட்டுமுன், குழுவினரோடு அமர்ந்து, இதன் உச்சியில் வைக்கவேண்டிய சுமை எது என்று கேட்போமாக. அதைக் கேட்டபின், இதுவரை வாய்திறவாதவர் பக்கம் திரும்பி அவருடைய விடைக்காகக் காத்திருப்போமாக. பாதியில் நின்ற சுவர்களுக்கு எதிரே வாழும் நம் மக்களுக்கு நாம் செய்யவேண்டிய கடமை இது.